மீன் தொட்டிக்குள் 'கியாஸ்' விடுவது ஏன்? செடிக்கு சோறு... மீனுக்கு மூச்சுத்திணறல்!

கட்டுமாவடி,

புதுக்கோட்டை மாவட்டம் கட்டுமாவடியில் மீனுக்கு பஞ்சம் இல்லை. கிழக்கு கடற்கரை சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி மீனும் நண்டும் வாங்கிப்போகும் ஊர் இது. இங்கே மீன் என்றால் குழம்புக்குத்தான். ஆனாலும் வீட்டு ஹாலில் கண்ணாடி தொட்டி வைத்து வண்ண மீன் வளர்க்கும் ஆசை கடலோர ஊர்களையும் விட்டுவைக்கவில்லை.

முன்பு தொட்டிக்குள் பிளாஸ்டிக் செடி வைப்பார்கள். இப்போது நிஜ செடி. 'பிளாண்டட் டேங்க்' என்கிறார்கள். ஜப்பானை சேர்ந்த தகாஷி அமானோ (1954-2015) உலகம் முழுக்க பிரபலப்படுத்திய கலை இது. சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் இதற்கான செடி, மண், கருவி எல்லாம் கிடைக்கும். கூடவே ஒரு சிலிண்டரையும் காட்டுவார்கள். அங்கேதான் பலருக்கு குழப்பம்.

ஆக்சிஜன் இல்லை

மீன் வாங்கும்போது பாலித்தீன் பையில் அடைத்து தருவது ஆக்சிஜன். இந்த சிலிண்டரில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. சோடாவில் 'புஸ்'சென்று கிளம்புகிறதே, அதே கியாஸ். இது மீனுக்கு அல்ல, செடிக்கு.

பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கண்மாயில் இருந்து ஹைட்ரில்லா பாசியை அள்ளி வந்து, புனலால் மூடி, வெயிலில் வைத்து குமிழி எண்ணுவோம். வாத்தியார் ஒரு சிட்டிகை சோடா உப்பு போட சொல்வார். குமிழி வேகமாக வரும். அந்த உப்புதான் செடிக்கு கார்பன் கொடுத்தது. அதே வேலையைத்தான் இந்த சிலிண்டரும் செய்கிறது.

காற்றில் இருந்து தானாக தண்ணீரில் கரையும் கியாஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கூட தேறாது. மீன் மூச்சு, கழிவு எல்லாம் சேர்ந்தாலும் சாதாரண தொட்டியில் 2, 3 மில்லிகிராம்தான். போதாக்குறைக்கு, தண்ணீருக்குள் இந்த கியாஸ் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட சுமார் 10 ஆயிரம் மடங்கு குறைவு. பளிச்சென்று விளக்கு போட்டால் மட்டும் செடி வளராது. சாப்பாடு இல்லாமல் விளக்கு போட்டால் செடி நோயாளி மாதிரி நிற்கும், பாசிதான் வளரும். அதனால் 20 முதல் 30 மில்லிகிராம் வரை ஏற்றுகிறார்கள்.

ராத்திரியில்தான் ஆபத்து

வெளிச்சம் இருக்கும்வரை செடி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு ஆக்சிஜன் விடும். விளக்கை அணைத்ததும் கதை மாறிவிடும். செடியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்திலும் சிலிண்டர் ஓடிக்கொண்டிருந்தால்?

தண்ணீரில் கியாஸ் ஏறினால் மீனின் ரத்தத்திலும் ஏறும். ரத்தம் அமிலமாகி, ஆக்சிஜனை சுமக்கும் சக்தியை இழக்கும். பக்கத்திலேயே ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சு திணறும். மேலே வந்து வாயை பிளக்கும். விடிந்து பார்த்தால் மொத்தமும் மிதக்கும். நம் ஊர் கோடையில் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் ஏற்கனவே குறைந்திருக்கும், ஜாக்கிரதை தேவை.

அதனால் விளக்கு போடுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு கியாசை திறந்து, அணைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிட வேண்டும். டைமரோடு 'சோலனாய்டு வால்வு' மாட்டினால் அதுவே பார்த்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். நம்ம பக்கம் இதுதான் முக்கியம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்! கையால் திறக்கும் வால்வு மட்டும் இருந்தால் பம்பு நின்றுவிடும், விளக்கு அணைந்துவிடும், கியாஸ் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

பச்சை, மஞ்சள்

அளவு தெரிய தொட்டிக்குள் ஒரு சின்ன கண்ணாடி குமிழை தொங்க விடுவார்கள். 'டிராப் செக்கர்' என்று பெயர். உள்ளே இருக்கும் திரவம் நீலமாக இருந்தால் கியாஸ் போதவில்லை. பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் மீனுக்கு எமன். ஆனால் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதை மட்டும் நம்பாமல் மீனையும் பார்க்க வேண்டும். மீன் மேலே வந்து திணறினால் உடனே கியாசை மூடு, பாதி தண்ணீரை மாற்று, காற்று மோட்டாரை போடு.

சிலிண்டருக்குள் கியாஸ் திரவமாக இருக்கும். அதனால் படுக்க வைக்கக்கூடாது. வெயிலிலும் வைக்கக்கூடாது. 31 டிகிரியை தாண்டினால் உள்ளே திரவம் என்பதே இருக்காது, அழுத்தம் எகிறும். கடல் காற்றில் துரு வேறு பிடிக்கும். கியாஸ் காற்றைவிட கனமானது, பூட்டிய சின்ன அறையில் கசிந்தால் மனிதருக்கும் ஆபத்து.

சிலர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் சர்க்கரை, ஈஸ்ட், தண்ணீர் கலந்து டியூப் மாட்டிவிடுகிறார்கள். இட்லி மாவு பொங்குகிற அதே சங்கதிதான். செலவு கம்மி. ஆனால் ராத்திரி நிறுத்த முடியாது, டியூப் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். சின்ன தொட்டிக்கு இதை சிபாரிசு செய்ய மனம் வரவில்லை.

சிலிண்டரே வேண்டாமா?

தாராளமாக வேண்டாம். அனுபியாஸ், ஜாவா பெரணி, ஜாவா மாஸ் எல்லாம் குறைந்த வெளிச்சத்தில் மெதுவாக வளரும், கியாஸ் கேட்காது. கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாக படிகிற தண்ணீரா உங்கள் வீட்டில்? அதில் பைகார்பனேட் இருக்கிறது. ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா இரண்டும் அதில் இருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும்.

நம் பாக் ஜலசந்தி கடலுக்குள் புல் வளர்ந்து கிடப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். அதை மேயும் கடல் பசுவுக்காகத்தான் தஞ்சை, புதுக்கோட்டை கடல் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. அந்த புல்லுக்கு யாரும் சிலிண்டர் வைக்கவில்லை.

தரையில் புல்வெளி விரித்த மாதிரி செடி, சிவப்பு இலை செடி என்று ஆசைப்பட்டால்தான் கியாஸ் வேண்டியிருக்கும். அப்படி வைப்பவர்கள் முதல் வாரம் விடுமுறை நாளாக பார்த்து, பகல் முழுக்க தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து, கியாசை கொஞ்சம் கொஞ்சமாக கூட்டுவது நல்லது.