கசூதி: திருப்பிப் பார்க்க வேண்டிய தையல்

ஹுப்பள்ளி, தார்வாடு பக்கம் வந்து தங்கிவிட்ட நம் குடும்பங்களில் ஓர் இல்கல் சேலையாவது இல்லாத பீரோ அபூர்வம். அந்தச் சேலைகளில் தேர், கோபுரம், யானை, துளசி மாடம் என்று சிறுசிறு உருவங்களாகத் தைத்திருக்கும் கைவேலைக்குத்தான் கசூதி என்று பெயர். கன்னடத்தில் கை என்பதும், பருத்தி நூலைக் குறிக்கும் சூத்தி என்பதும் சேர்ந்து வந்த சொல் என்பார்கள்.

நம்மவர்கள் முன்பக்கத்தைப் பார்த்து விலை பேசுகிறார்களே தவிர, சேலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அன்பர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குக் கைவேலை என்று கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கி வந்தார். வீட்டில் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் பூராவும் வெள்ளை நூல்! மெஷினில் மேல் நூல் வேறு, அடியில் ஓடும் பாபின் நூல் வேறு, அதுதான் காட்டிக்கொடுத்தது. கையால் போட்ட கசூதியில் இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே நூல். முடிச்சு கிடையாது. கோட்டு வேலையாக இருந்தால் எது முன், எது பின் என்றே தெரியாது.

தண்டவாளத்தோடு முப்பத்தைந்து வருடம் மல்லுக்கு நின்றவனுக்கு ஊசி நூலில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். ரயில்வே காலனியில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் என் மனைவி கற்றுக்கொண்டதை வேடிக்கை பார்த்தபோதுதான், இது அசல் ரயில் பாதைக் கணக்கு என்று எனக்கு விளங்கியது.

கசூதியில் நான்கு தையல்கள். கவந்தி என்பது நேர்க்கோடு. முடிச்சைக் குறிக்கும் கன்னடச் சொல்லிலிருந்து வந்த பெயர். முர்கி, படிக்கட்டுபோல ஏறி இறங்குவது. நெய்கி, நெசவுபோலத் தோன்றும் நீண்ட ஓட்டுத்தையல். மெந்தி என்றால் நம் வெந்தயம். பெருக்கல் குறிபோலப் போட்டு இடத்தை நிரப்புவது. பின் இரண்டிலும் இரு பக்கமும் ஒன்றாக வராது. கவந்தி பிடிபட்டால் முர்கியும் தானே வரும் என்பதால் அதை மட்டும் விவரிக்கிறேன்.

ஒரே கோட்டில் ஏழு துளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி 1-ல் மேலே வந்து 2-ல் இறங்கட்டும். அடியில் ஓடி 3-ல் ஏறி, 4-ல் இறங்கி, இப்படியே 7-ல் வந்து ஏறும். இது போகிற வண்டி. இப்போது முன்பக்கம் ஒன்றுவிட்டு ஒன்று இடைவெளி இருக்கும். அதே துளைகள் வழியாகத் திரும்பி வந்தால், போகும்போது அடியில் ஓடிய இடமெல்லாம் மேலேயும், மேலே ஓடிய இடமெல்லாம் அடியிலும் நிரம்பிவிடும். ஊசி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்.

4-லிருந்து மேல்நோக்கி இரண்டு கட்டம் ஒரு கிளை வேண்டுமா? அது ஜங்ஷன். மெயின் லைனில் மேலே போகுமுன், கிளையின் கடைசி வரை போய் 4-க்கே திரும்பி, பிறகு 5-க்குப் போக வேண்டும். மறந்தால் திரும்பி வரும் வழியிலும் பிடித்துக்கொள்ளலாம். அப்போதும் விட்டால் தனி நூல் கோக்க வேண்டும். அல்லது பின்பக்கம் நூலைத் தாண்டவிட வேண்டும். அதோடு போயிற்று, வேலையின் அழகு! தேர், கோபுரம் எல்லாமே இப்படிக் கிளைக்கு மேல் கிளைதான். ஆகவே ஊசி கோப்பதற்கு முன்பே கட்டம் போட்ட தாளில் வழியைப் பென்சிலால் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு சூட்சுமம். நேரும் குறுக்குமாகப் போகும் கோடுகளில் ஒவ்வொரு துளைக்கும் ஒரே கடமைதான். ஊசி ஏறிய துளையில் எப்போதும் ஏறும். இறங்கிய துளையில் எப்போதும் இறங்கும். மாறி வந்தால் எங்கோ எண்ணிக்கை பிசகிவிட்டது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திப் பிரித்துவிடுங்கள்.

பழகுவதற்கு மேட்டி துணிதான் நல்லது. துளைகள் கண்ணுக்குத் தெரியும். முனை மழுங்கிய ஊசி, ஆறிழை நூலில் பிரித்தெடுத்த இரண்டு இழை, நீளம் ஒன்றரை அடி. அதற்கு மேல் போனால் நூல் சிக்கும். ஆரம்பத்தில் இரண்டு அங்குலம் வால் விட்டு, கடைசியில் அதைத் தையலுக்குள்ளேயே நுழைத்து மறைத்துவிட வேண்டும். இழை எண்ண முடியாத பட்டில் போட விரும்பினால், மேலே கித்தான் வலையைத் தைத்து அதன்மேல் போட்டு, முடிந்த பின் வலையின் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள்.

முதல் மாதிரிக்கு எங்கும் போக வேண்டாம். நம் வீட்டு வாசலில் நேர்ப்புள்ளி வைத்துக் கட்டம் கட்டமாக இழுக்கும் கோலம் ஒன்றை அப்படியே கட்டத்தாளுக்கு மாற்றுங்கள். வளைந்து வளைந்து போகும் சிக்குக்கோலம் மட்டும் இதற்கு ஒத்துவராது.