திரும்பும் டிக்கெட் இல்லாமல் வெளிநாடு போகலாமா?

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா சென்று 30 நாள் வரை தங்கலாம் என்றானதும், பாஸ்போர்ட் மட்டும் கையில் இருந்தால் போதும் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. விசாவுக்குத்தான் விலக்கு, மற்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கின்றன. ஊர் திரும்பவோ வேறு நாட்டுக்குப் போகவோ டிக்கெட், செலவுக்குப் பணம், தங்குமிட விவரம், முன்கூட்டியே நிரப்பிய டிஜிட்டல் வருகை அட்டை எல்லாம் வேண்டும். இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும்கூடச் சுற்றுலாப் பயணியிடம் திரும்பும் டிக்கெட்டை எதிர்பார்க்கின்றன.

பலருடைய பயணம் சென்னை, திருச்சி செக்-இன் கவுண்டரிலேயே நின்றுவிடுகிறது. அந்நிய நாடு ஒருவரை உள்ளே விட மறுத்தால், அவரைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பு ஏற்றிவந்த விமான நிறுவனத்துடையது. ஆவணம் சரியில்லாதவரை ஏற்றிவந்ததற்குப் பல நாடுகள் அபராதமும் விதிக்கின்றன. அதனால்தான் ஊழியர்கள் ‘டைமேட்டிக்’ என்ற தகவல் தொகுப்பில் நாட்டுவாரியான விதிகளைப் பார்த்த பிறகே போர்டிங் பாஸ் தருகிறார்கள். அளவுக்கு மீறி டிக்கெட் விற்றதால் இடம் மறுக்கப்பட்டவருக்கு உள்ள இழப்பீடு, ஆவணக் குறைவால் மறுக்கப்பட்டவருக்குக் கிடையாது.

‘திரும்பும் தேதியே முடிவாகாதபோது டிக்கெட்டுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்? டிக்கெட் வைத்திருப்பவரெல்லாம் திரும்பிவிடுகிறார்களா?’ என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் யாரை அனுமதிப்பது என்பது அந்த நாட்டின் உரிமை. கவுண்டரில் வாதாடி அதை மாற்ற முடியாது. பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டையோ, அனுமதித்த நாட்களுக்குள் பக்கத்து நாட்டுக்குச் செல்லும் மலிவான டிக்கெட்டையோ எடுப்பது செலவைக் குறைக்கும். ஏஜென்ட் தரும் ‘டம்மி டிக்கெட்’ ஆபத்தானது. பி.என்.ஆர். எண்ணைத் தட்டிப் பார்த்ததும் குட்டு உடைந்தால், பொய் ஆவணம் காட்டியவர் என்ற பெயரும் சேரும். ‘டூரிஸ்டாகப் போங்கள், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்’ என்பவரை அறவே நம்பாதீர்கள். 2022-ல் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டார்கள்.

சரியான டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். டிக்கெட், ரசீது, மின்னஞ்சல்களைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் விமான நிறுவனத்திடமும், பிறகு மத்திய அரசின் ‘ஏர்சேவா’ தளத்திலும் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வெளிநாட்டில் தடுத்து வைக்கப்பட்டால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை. விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த நாட்டின் அதிகாரபூர்வ குடிவரவுத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.