ஓவியரும் வணிகரும்

கலைஞன் பொருளைப் பற்றிப் பேசலாமா? பேசினால் கலையின் தூய்மை கெடாதா? இளமையில் நானும் அவ்வாறே ஐயுற்றேன். விக்டோரியா அரசியின் காலத்து ஆங்கில ஓவியர்கள் பட வணிகர்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்தை அறிந்த பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று.

அந்நாளில் லண்டனில் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்ற தலையாய இடம் ராயல் அகாதெமி. அங்கே சுவர் முழுவதும் படங்கள் நெருங்கித் தொங்கும். எப்படம் கண்ணுக்கு நேரே நிற்கும், எது எட்டாத உயரத்திற்குச் செல்லும் என்பதை ஒரு குழுவே முடிவு செய்யும். ஆதலால், ஒரே படத்தைத் தனியிடத்தில் வைத்து, கட்டணம் பெற்றுக் காட்டும் வணிகரை ஓவியர் சிலர் நாடினர்.

வில்லியம் ஹோல்மன் ஹண்ட் அவர்களுள் ஒருவர். எருசலேம் ஆலயத்தில் அறிஞரோடு உரையாடிய சிறுவன் இயேசுவைப் பெற்றோர் கண்டடையும் காட்சியை, 1854-இல் அந்நகரிலேயே தீட்டத் தொடங்கினார், 1860-இல்தான் முடித்தார். விலையை உறுதி செய்யுமுன் நாவலாசிரியர் டிக்கன்ஸின் யோசனையையும் கேட்டார். பெல்ஜியத்தில் பிறந்த வணிகர் எர்னஸ்ட் காம்பார்ட் 5,500 கினி கொடுத்துப் படத்தை வாங்கினார். பதிப்புரிமையும் அதில் அடக்கம்.

கினி ஒன்றுக்கு 21 ஷில்லிங். நுழைவுக் கட்டணமோ ஒரு ஷில்லிங். கட்டணத்தைக் கொண்டே முதலை மீட்பதாயின் 1,15,500 பேர் வரவேண்டும்! பிறகு வணிகர் துணிந்தது எதனால்? படத்தைச் செதுக்கி அச்சிட்டு, படிகளை வீடுதோறும் விற்கலாம் என்பதனால். ஆக, விற்கப்பட்டவை மூன்று: படம், அதைக் காட்டும் உரிமை, படியெடுக்கும் உரிமை.

மூன்றாவது உரிமை எத்துணை நுட்பமானது என்பதை 1862-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிற்று. வரைந்து வைத்த படத்தை முதன்முறை விற்கும்போது, வாங்குவோர் கையொப்பமிட்ட எழுத்து இல்லையேல் ஓவியர் உரிமையை இழப்பார். ஓவியர் கையொப்பமிட்ட எழுத்து இல்லையேல் அவ்வுரிமை வாங்குவோரையும் சேராது. இரண்டும் இல்லையெனில் உரிமையே மறைந்துபோகும்! அவ்விதி 1912 வரை நடப்பில் இருந்தது.

மாணவர்களே, அக்கடிதங்களில் விலையும் தவணையும் பேசப்படுவதைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். ஆறாண்டு உழைத்தவன் அடுத்த படத்தைத் தீட்ட வேண்டுமாயின் உயிர்வாழ வேண்டும் அன்றோ? தன் உழைப்பின் மதிப்பைப் பணிவோடும் தெளிவோடும் எழுத்தில் வைப்பது பேராசை ஆகாது. அது கலைக்கு இடும் வேலியே ஆகும்.