பழைய டர்போ தானுந்துகளின் வீட்டுப் பராமரிப்பு

பழைய டர்போ தானுந்துகளின் வீட்டுப் பராமரிப்பு என்பது, டர்போசார்ஜர் எனப்படும் சுழலி மிகையூட்டி பொருத்தப்பட்டு, உற்பத்தி நின்றுபோன விரைவுத் தானுந்துகளை அவற்றின் உரிமையாளர்கள் தம் வீட்டிலேயே பழுதுபார்த்தும் மாற்றியமைத்தும் ஓட்டும் நிலையில் வைத்திருப்பதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் கார் என்றே அழைக்கப்படும் தானுந்துகளுள் இவ்வகை, குறைந்த செலவில் கூடுதல் திறனைத் தருவதால் ஆர்வலர்களை ஈர்க்கிறது. அதே காரணத்தால் மிக எளிதில் பழுதடைவதும் இவ்வகையே. டர்போ பொறி ஒன்றின் திறனைக் கூட்டுவது கடினமன்று. கூடும் வெப்பத்தை வெளியேற்றுவதே கடினம். பராமரிப்பு, மாற்றம் ஆகிய இரண்டையும் இந்த ஒரு செய்தியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

இயங்கும் முறை

கயத்தாற்றைச் சுற்றியுள்ள காற்றாலைகள் வீசும் காற்றின் ஆற்றலால் சுழல்கின்றன. டர்போவில் அந்த வேலையைப் பொறியிலிருந்து வெளியேறும் சூடான புகை செய்கிறது. புகை ஒரு சிறிய சுழலியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள அமுக்கி, வெளிக்காற்றை இழுத்து அழுத்திப் பொறியின் உருளைகளுக்குள் செலுத்துகிறது. காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டலாம். ஆகவே சிறிய பொறியும் பெரிய பொறியின் திறனைத் தரும். தானுந்து டர்போக்களின் தண்டு நிமிடத்திற்கு 1,50,000 சுற்றுகளுக்கு மேலும் சுழலக்கூடியது. பெட்ரோல் பொறியில் சுழலிக்குள் நுழையும் புகையின் வெப்பநிலை 900 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. அழுத்தம் அளவுமீறாமல் இருக்க, புகையின் ஒரு பகுதியைச் சுழலிக்குள் விடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்னும் கதவு உள்ளது.

இம்முறைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்த தானுந்துகளில் டர்போ 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்சுமொபைல் செட்ஃபயர், செவ்ரோலே கொர்வேர் ஆகியவற்றில் இடம்பெற்றது. இவற்றுள் செட்ஃபயரின் வரலாறு வீட்டுப் பராமரிப்பாளர் அறிய வேண்டியது. உருளைக்குள் எரிபொருள் தானாக வெடிப்பதைத் தடுக்க, அதில் வாலைவடிநீரும் மெத்தனாலும் கலந்த ஒரு நீர்மத்தைத் தனிக் கலத்தில் ஊற்றிவர வேண்டியிருந்தது. பல உரிமையாளர்கள் அதை ஊற்ற மறந்தனர். விளைவாகப் பல வண்டிகளில் டர்போவே கழற்றப்பட்டுச் சாதாரண கார்புரேட்டர் பொருத்தப்பட்டது. புதுமையான பொறி, சலிப்பூட்டும் ஒரு சிறு வேலையால் தோற்றது. பின்னர் பிஎம்டபிள்யூ 2002 டர்போ, போர்சே 911 டர்போ, சாப் 99 டர்போ ஆகியவை 1970களில் இத்தொழில்நுட்பத்தைப் புகழ்பெறச் செய்தன.

வெப்பக் கணக்கு

காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பது மிதிவண்டிக்குக் காற்றடித்தவர்கள் கைப்பட அறிந்தது. சித்திரை மாத நண்பகலில் கயத்தாற்றில் வெளிக்காற்று 38 பாகை செல்சியசு என்று கொள்வோம். திறன்விகிதம் 70 விழுக்காடு உடைய அமுக்கி அதை 1.6 மடங்கு அழுத்தினால், வெளிவரும் காற்று ஏறத்தாழ 102 பாகையாக இருக்கும். 2 மடங்கு அழுத்தினால் ஏறத்தாழ 135 பாகை. சூடான காற்று விரிவதால், 1.6 மடங்கு அழுத்தத்தில் உருளைக்குக் கிடைக்கும் காற்றின் அடர்த்தி 1.6 மடங்கு கூடாது; 1.33 மடங்கே கூடும். 2 மடங்கு அழுத்தத்தில் 1.52 மடங்கு.

இப்போது அழுத்தத்தை 1.6 மடங்கிலேயே நிறுத்தி, இடைக்குளிர்விப்பான் மூலம் அக்காற்றை 55 பாகைக்குக் குளிர்விப்போம். அடர்த்தி ஏறத்தாழ 1.52 மடங்காகிறது. அதாவது, குளிர்விக்காமல் 2 மடங்கு அழுத்தியபோது கிடைத்த அதே காற்று, குறைந்த அழுத்தத்திலேயே, 80 பாகை குளிர்ந்த நிலையில் கிடைத்துவிடுகிறது. இக்கணக்கில் இடைக்குளிர்விப்பானில் ஏற்படும் சிறு அழுத்த இழப்பு சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்த்தாலும் முடிவு பெரிதாக மாறாது. அழுத்தத்தைக் கூட்டும் பொருட்களை வாங்குவதற்கு முன் இடைக்குளிர்விப்பானைக் கழுவிப் பார்க்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுவே.

இந்தியாவில்

தமிழ்நாட்டில் வீட்டிலும் சிறு பட்டறையிலும் பொறியைத் தட்டிக்கொட்டித் திறன்கூட்டும் பழக்கம் டர்போவுக்கு முந்தையது. 1953இல் தொடங்கப்பட்ட மதராசு மோட்டார் விளையாட்டுக் கழகம், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடத்திய பந்தயங்களில் பியட், அம்பாசிடர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற அன்றாட வண்டிகளே மாற்றியமைக்கப்பட்டு ஓடின. காற்றுவழியை அரத்தால் தேய்த்து மெருகிடுவதும் கார்புரேட்டரை மாற்றுவதும் அன்றைய முறைகள். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத்தடம் அமைந்தது. கோவைப் பந்தய வீரரும் வண்டி வடிவமைப்பாளருமான கரிவரதனின் பெயரைத் தாங்கிய தடம் செட்டிப்பாளையத்தில் உள்ளது.

இந்தியாவில் தொழிற்சாலையிலிருந்தே டர்போவுடன் விற்கப்பட்ட தொடக்ககால பெட்ரோல் தானுந்துகளுள் ஒன்று 2004இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1,781 கன செ.மீ. கொள்ளளவும் உருளைக்கு ஐந்து வீதம் 20 ஓரதர்களும் கொண்ட இதன் பொறி 150 குதிரைத்திறன் தந்தது. இதே பொறிக் குடும்பம் போக்சுவாகன், ஔடி வண்டிகளிலும் பரவலாகப் பயன்பட்டதால் உதிரிப் பாகங்களும் பழுதுநீக்கும் அறிவும் உலகெங்கும் கிடைக்கின்றன. எனவே இந்திய ஆர்வலர்கள் இதைத் தேடி வாங்குகின்றனர். கீழே கூறப்படுபவை பெரும்பாலும் இவ்வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டவை எனினும் அக்கால டர்போ வண்டிகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

பராமரிப்பு

டர்போவின் தண்டு பந்துத் தாங்கிகளில் அல்லாமல், பெரும்பாலும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி சுழல்கிறது. ஆகவே எஞ்சின் ஆயிலே டர்போவின் உயிர். தேசிய நெடுஞ்சாலை 44இல் மதுரையிலிருந்து விரைந்து வந்து, கயத்தாற்றில் தேநீர்க் கடை முன் நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பி அணைத்தால், எண்ணெய் ஓட்டம் உடனே நின்றுவிடும். சுழலியின் வெப்பமோ நிற்காது. தாங்கிக்குள் தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். கரித்துகள் எண்ணெய்க் குழாயை அடைக்க, அடுத்த பயணங்களில் தாங்கி வறண்டு தேயும். நீர்க்குளிர்ப்பு உள்ள டர்போக்களில் இந்த இடர் குறைவு எனினும் இல்லாமற் போவதில்லை. கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிவருவது செலவில்லாத மருந்து. கையேட்டில் குறிப்பிட்ட தரத்திலான செயற்கை எண்ணெயை, குறிப்பிட்ட தொலைவுக்கு முன்னரே மாற்றுவது அடுத்தது. மலிவான எண்ணெயில் மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாய், எண்ணெய்த் தொட்டியின் உறிஞ்சுவலையைக் கசடால் அடைத்துப் பொறியையே பலிவாங்கக்கூடும்.

டர்போவின் நிலையை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். பொறி முற்றிலும் ஆறிய பின், காற்றுக்குழாயைக் கழற்றி, அமுக்கியின் நுனியை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. முன்னும் பின்னும் உணரத்தக்க அளவு அசைந்தாலோ, இதழ்கள் கூட்டின் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போவின் காலம் முடிந்தது. புகைக்குழாயில் நீலப்புகை வருவது எண்ணெய் எரிவதைக் காட்டும். ஆனால் நீலப்புகைக்கு டர்போ மட்டுமே காரணமன்று; ஓரதர் அடைப்பான்களும் பொறியின் காற்றோட்டக் குழாயும் காரணமாகலாம். இதைச் சோதிக்காமல் டர்போவை மாற்றிவிட்டு, புகை நிற்கவில்லையே என்று வருந்துவோர் பலர்.

பழைய வண்டியில் திறன் குறைந்தால் முதலில் ஐயுற வேண்டியது காற்றுக்கசிவை. இருபது ஆண்டுகள் பொறியின் வெப்பத்தில் வெந்த ரப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கும். அழுத்தத்தைத் திருப்பிவிடும் ஓரதரின் ரப்பர்ச் சவ்வு கிழிந்திருக்கும். இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பஞ்சர் கடையில் டியூபை நீரில் முக்கிப் பார்க்கும் அதே தத்துவம் போதும். அமுக்கியின் வாயை மூடியிட்டு அடைத்து, மூடியில் பொருத்திய வால்வு வழியே மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றடித்து, இணைப்புகளின் மீது சோப்பு நீரைத் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி எழும். அழுத்தம் வண்டியின் இயல்பான மிகையழுத்தத்தைத் தாண்டக்கூடாது. மூடி கழன்று பறக்கலாம் என்பதால் அதன் நேர் எதிரே நிற்கவும் கூடாது.

கடலோரத்தில் நிலைமை வேறு. உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடியில் உப்புக்காற்று மின் இணைப்புகளைப் பச்சையம் பிடிக்க வைக்கிறது. கணினியில் தோன்றும் உணரிப் பிழைகளுள் பல உணரியின் பிழைகளல்ல. இணைப்பியின் துருவே அவை. உள்நாட்டுக் கரிசல் நிலத்திலோ தூசுதான் எதிரி. காற்று வடிகட்டியில் சிறு இடைவெளி இருந்தாலும் புகும் மணல், அமுக்கியின் இதழ் நுனிகளை அரித்துவிடும். ஆக்டேவியாவின் இடைக்குளிர்விப்பான் முன்சக்கர வளைவை ஒட்டி ஒரு பக்கமாக அமைந்திருப்பதால் சேறும் தூசும் அதில் எளிதில் அப்பிக்கொள்கின்றன.

டைமிங் பெல்ட் அறுந்தால் இவ்வகைப் பொறியில் பிஸ்டன் ஓரதர்களில் மோதி அவற்றை வளைத்துவிடும். ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பர் முதிரும் என்பதால், கிலோமீட்டர் குறைவு என்ற விற்பவரின் சொல்லை நம்பாமல் ஆண்டைக் கணக்கிட வேண்டும். நீர்ப்பம்பும் அதே பெல்ட்டால் சுழல்வதால் இரண்டையும் ஒருசேர மாற்றுவது வழக்கம். முதல்முறை செய்பவர்கள் இவ்வேலையை அனுபவமுள்ளவரின் துணையின்றிச் செய்யாதிருப்பது நல்லது. ஒரு பல் தவறினால் பொறி போய்விடும். வண்டியின் அடியில் நுழையும்போது ஜாக்கியை மட்டும் நம்புதல் உயிருக்கே ஆபத்து. உறுதியான தாங்கிகள் கட்டாயம் வேண்டும். வடித்த பழைய எண்ணெயை மண்ணில் ஊற்றாமல் மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

எரிபொருள்

உருளைக்குள் தீப்பொறியின் நேரத்திற்கு முரணாக எரிபொருள் தானே வெடிப்பது தட்டல் எனப்படும். மிகையழுத்தமும் சூடான காற்றும் தட்டலைத் தூண்டுவன. உயர் ஆக்டேன் பெட்ரோல் அதைத் தடுப்பது. தட்டலை உணர்ந்தால் கணினி தீப்பொறியைத் தாமதமாக்கிப் பொறியைக் காக்கும், திறன் குறையும். வெயில் காலத்தில் வண்டி சோர்வதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் அறிமுகமாகி, 2025இல் நாடெங்கும் பரவியது. பழைய டர்போ வண்டிகளுக்கு இது இருமுனைக் கத்தி. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் உயர்வு. ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கவும் செய்யும். எனவே தட்டல் குறைகிறது. ஆனால் எத்தனாலின் வெப்ப ஆற்றல் குறைவு என்பதால் அதே திறனுக்கு எரிபொருள் கூடுதலாகத் தேவை. தூய பெட்ரோலுக்கென வடிவமைத்த நாற்சக்கர வண்டிகளில் மைலேச்சு 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கை மதிப்பிட்டது. முதுமையடைந்த எரிபொருள் குழாய்களும் ரப்பர் வளையங்களும் எத்தனாலால் உப்பவோ வெடிக்கவோ கூடும். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியின் தொட்டியில் அதை விட்டுவைப்பதும் நன்றன்று. சூடான சுழலிக்கு அருகே பெட்ரோல் கசிவது தீ விபத்தாகும். ஆகவே குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது மேம்பாட்டில் அல்ல, பாதுகாப்பில் சேரும்.

மாற்றங்கள்

மிகப் பரவலான மாற்றம் ரீமேப் எனப்படும், கட்டுப்பாட்டுக் கணினியின் மென்பொருளைத் திருத்துதல். வேஸ்ட்கேட், தீப்பொறி நேரம், எரிபொருள் அளவு ஆகியவற்றின் அட்டவணைகளை மாற்றி, ஒரு கருவியும் கழற்றாமல் திறனைக் கூட்டலாம். இதன் எளிமையே இதன் இடர். முன்பு கூறிய கசிவு, கசடு, தேய்ந்த கிளட்ச், ஆற்றல் குன்றிய எரிபொருள் பம்ப் ஆகிய அனைத்தும் பழைய அளவில் மறைந்திருந்து புதிய அளவில் வெளிப்படும். உயரழுத்தத்தில் எரிபொருள் போதாமல் போனால் பிஸ்டன் உருகும். எனவே மாற்றத்திற்கு முன்னும் பின்னும் அழுத்தம், காற்று வெப்பநிலை, தட்டலுக்காகக் குறைக்கப்பட்ட தீப்பொறிக் கோணம் ஆகியவற்றை மடிக்கணினி வழியே பதிவுசெய்து ஒப்பிடுவது முறை. பதிவு இல்லாத மாற்றம் ஊகமே. பெரிய இடைக்குளிர்விப்பான், நல்ல தடுப்புகள், புதிய சக்கரத் தாங்கிகள் ஆகியவை காகிதத்தில் திறனைக் கூட்டிக் காட்டாவிட்டாலும் வண்டியின் நடத்தையை அதிகம் திருத்துகின்றன.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஒப்புதல் பெற்ற எரிவளிமக் கருவி பொருத்துதல், உரிய அனுமதியுடன் பொறி மாற்றுதல் போன்றவற்றுக்கு மட்டும் சட்டத்தில் தனி வழி உண்டு.

தனியார் வண்டியின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆய்வுக்கு உட்பட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2004இல் பதிவான டர்போ வண்டி 2019இலும் 2024இலும் இந்த ஆய்வைக் கடந்திருக்க வேண்டும். அகற்றப்பட்ட வினையூக்கி மாற்றியோ அளவுமீறிய புகையோ அங்கே தடையாகும். விபத்து நேர்ந்தால், அறிவிக்கப்படாத மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. இதனால் கழற்றிய மூலப் பாகங்களை எறியாமல் பெயரெழுதிப் பொதிந்து வைப்பதும், மென்பொருளின் மூலப்படியைச் சேமித்து வைப்பதும் ஆர்வலர்களிடையே வழக்கமாகியுள்ளது. முழுமையாக மாற்றப்பட்ட வண்டியை ஓட்டுவதற்குரிய இடம் பொதுச்சாலையன்று. இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் போன்ற மூடிய தடங்களே. தென்மாவட்டங்களில் அத்தகைய நிலையான தடம் இல்லாததால், இங்குள்ளோர் வண்டியைச் சுமையுந்தில் ஏற்றியோ, சாலைக்கு உரிய நிலையிலேயே ஓட்டியோ அங்கு செல்ல வேண்டியுள்ளது.