மேஸ்திரிகள் ஊர் திரும்பவில்லை

ஐப்பசி அடைமழையில் நின்ற என் காலை ஓட்டம், பொங்கல் கழிந்தும் தொடங்கவில்லை. ஒருநாள் துணிந்து ஷூவை எடுத்துத் தட்டினேன். உள்ளேயிருந்து பல்லிக்குட்டி ஒன்று ஓடியது. தெருமுனை டீக்கடை வருவதற்குள் மூச்சு வாங்கியது. ஆறு மாத உழைப்பும் போச்சு என்று மனசு கணக்கை முடித்துவிட்டது. அது தப்புக்கணக்கு.

ஓட்டம் நின்றால் முதலில் போவது பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. தொடர்ந்து ஓடுபவர் உடலில் இது கூடுதலாகச் சேர்ந்திருக்கும். சில வாரம் ஓய்ந்தால் ஒரு தம்ளர் அளவுக்குக்கூட வற்றிவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைய, அதை ஈடுகட்ட அது வேகமாக அடித்துக்கொள்கிறது. டீக்கடை வாசலில் என்னைத் திணறடித்ததில் இந்த ஒரு தம்ளருக்குப் பெரும்பங்கு. நல்லவேளை, ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே இது மறுபடி ஊறத் தொடங்கும்.

போகாமல் தங்குவது எது என்பதுதான் வேடிக்கை. நம் செல் வகைகளில் பெரும்பாலானவற்றில் செல்லுக்கொரு உட்கரு. மரபுக் கட்டளைகள் இருக்கும் அறை அது. தசை இழை அப்படியில்லை. தலைமுடியளவு பருமன்தான், ஆனால் நீளம் பல சென்டிமீட்டர் வரை போகும். அத்தனை நீளத்தை ஓர் உட்கருவால் மேய்க்க முடியாது. ஒரே இழைக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இழை பருக்க வேண்டி வந்தால், அதன்மேல் ஒட்டிக்கிடக்கும் துணைச் செல்கள் பெருகி, இழையோடு கலந்து, தங்கள் உட்கருவையே கொடுத்துவிடுகின்றன. கட்டட வேலைக்கு மேஸ்திரிகள் வந்து இறங்குவதுபோல.

நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குண்டர்சன் குழுவினர் சுண்டெலிகளின் ஒரு தசைக்கு அதிக வேலை கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் உட்கருக்கள் கூடின, பிறகே இழை பருத்தது. அடுத்து, அந்தத் தசைக்குப் போகும் நரம்பை வெட்டினார்கள். இழை சுருங்கியது. மேஸ்திரிகள் மட்டும் ஊர் திரும்பவில்லை. 3 மாதம் கழித்தும் அங்கேயே இருந்தார்கள். சுண்டெலியின் ஆயுளே ஏறக்குறைய 2 ஆண்டுதான்! இந்த ஆய்வு வெளியானது 2010-இல்.

மனிதத் தசையிலும் உட்கருக்கள் இப்படித் தங்குமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பழைய உழைப்பைத் தசை மறப்பதில்லை என்பதற்கு வேறொரு தடயம் இருக்கிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 8 ஆண்கள் 7 வாரம் எடை தூக்கினார்கள், 7 வாரம் சும்மா இருந்தார்கள், மறுபடி 7 வாரம் தூக்கினார்கள். தொடக்கத்தோடு ஒப்பிட்டால், இரண்டாம் சுற்றின் முடிவில் கூடியிருந்த தசை, முதல் சுற்றின் முடிவில் கூடியிருந்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. சில மரபணுக்களின்மேல் பூட்டுப்போல் உட்கார்ந்திருந்த வேதிக் குறிகள் முதல் சுற்றில் கழன்றிருந்தன. ஓய்ந்திருந்த வாரங்களிலும் அவை திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

மனசின் பழக்கமும் ஒருநாள் விட்டதற்காக உதிர்ந்துவிடுவதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி 96 பேரைப் புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கச் சொல்லி 12 வாரம் கவனித்தார். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர ஒருவருக்கு 18 நாள். இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு சொன்னது. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய சேதமில்லை.

அன்று டீக்கடையிலிருந்து நடந்தே வீடு திரும்பினேன். ஒன்பதாம் நாள் கடையைத் தாண்டி ஓடினேன். “சார், டீ?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.