வெடியோசைக்குப் பின் காதில் இரைச்சலா? காத்திருக்க வேண்டாம்

தீபாவளிக்கு மறுநாள் எங்கள் காது மூக்கு தொண்டைப் புறநோயாளர் பிரிவில் கூட்டம் வழக்கத்தைவிட மிகுதியாக இருக்கும். "காதுக்குள் வண்டு ரீங்கரிப்பதுபோல் இருக்கிறது", "பஞ்சு வைத்து அடைத்ததுபோல் இருக்கிறது" என்று வருவோர் பலர். இவர்களைக் குறித்து நாங்கள் பெரிதும் அஞ்சுவதில்லை. உரிய நேரத்தில் வந்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து வருவோரைக் குறித்தே எங்கள் கவலை.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் தையற்கடை நடத்துபவர், வயது முப்பத்தாறு. மகன் பற்றவைத்த அணுகுண்டின் திரி அணைந்துவிட்டதாக எண்ணிக் குனிந்து பார்த்தபோது அது வெடித்திருக்கிறது. தீக்காயம் ஏதுமில்லை. இடக்காதில் மட்டும் ஓயாத இரைச்சல். வீட்டார் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டனர். நாளை சரியாகிவிடும், நாளை சரியாகிவிடும் என்று பதினோரு நாள்கள் கடந்தன. பரிசோதித்தபோது செவித்திறன் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அலைவெண்ணை ஒட்டி ஆழமான பள்ளம் தெரிந்தது. சிகிச்சையால் கேட்கும் திறன் ஓரளவு மேம்பட்டது, இரைச்சல் நீங்கவில்லை. இறுதியில் அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே: "அன்றைக்கே வந்திருந்தால் சரியாகியிருக்குமா?" உறுதியாகச் சொல்ல இயலாது; ஆனால் வாய்ப்பு கூடுதலாக இருந்திருக்கும் என்றே நாங்கள் விடையளிக்க நேர்ந்தது. வேறொருவர் அதே கேள்வியைக் கேட்கும் நிலை வரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

ஒரு நொடிக்குள் நிகழ்வது

உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட சிறு உறுப்பு ஒன்று உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிரிழை உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியின் அசைவை நரம்பு உணரும் குறிப்பாக மாற்றுபவை இவையே. பறவைகளுக்கு இவ்வுயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கின்றன. மனிதருக்கு முளைப்பதில்லை. பிறவியில் பெற்றதை வைத்தே வாழ்நாள் முழுவதும் கேட்டாக வேண்டும்.

ஆலை இரைச்சல் போன்ற தொடர்ஒலி இவ்வுயிரணுக்களைப் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் தேய்க்கிறது. வெடியோசையின் இயல்பு வேறு. அதன் அழுத்த அலை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் உச்சத்தைத் தொட்டு, மென்மையான அவ்வமைப்பையே பிய்த்துவிடக்கூடும். பேரொலி கேட்டதும் நடுச்செவியின் நுண்தசை ஒன்று சுருங்கி உட்செவியைக் காக்க முயல்வது உண்மையே. ஆனால் அத்தசை சுருங்கி முடிப்பதற்குள் வெடியோசை உள்ளே சென்றுவிடுகிறது. உடல் தந்த காவலன் விழிக்குமுன் திருடன் வந்து போய்விடுகிறான்.

டெசிபல் கணக்கும் பலருக்குப் புலப்படுவதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. இயல்பான உரையாடல் சுமார் 60 டெசிபல். 140 டெசிபல் என்பது அதைப்போல் இரண்டே கால் பங்கு என்று எண்ண வேண்டா. ஆற்றலில் அது பத்துக் கோடி மடங்கு.

துப்பாக்கி கற்பித்த பாடம்

வெடியோசை காதைக் கெடுக்கும் விதத்தை மருத்துவ உலகம் பெரும்பாலும் படைவீரர்களிடமும், மேலைநாட்டு வேட்டைக்காரர்களிடமும் கற்றது. சிறிய இருபத்திரண்டு காலிபர் துப்பாக்கியே 140 டெசிபலை ஒட்டிய உச்சத்தை எழுப்பும். பெரிய துப்பாக்கிகள் 160 டெசிபலையும் கடக்கும். வலக்கைப் பழக்கமுள்ளவர் துப்பாக்கியைத் தோளில் சார்த்திச் சுடும்போது இடக்காது குழல்வாயை நோக்கி இருக்கும். வலக்காதோ தலையின் மறைவில் இருக்கும். ஆகவே அவர்களுக்கு இடக்காதே முதலில் பழுதாகிறது. ஆண்டு முழுவதும் அமைதியான இடத்தில் வாழ்ந்து, வேட்டைப் பருவத்தில் சில குண்டுகள் மட்டுமே சுடுபவருக்கும் இது நேரலாம் என்பது கவனிக்கத்தக்கது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் துப்பாக்கியோசை நம் நோயாளர்களுக்கு அயலானதன்று. காவல்துறையினர், முன்னாள் படைவீரர், சுடுதளத்தில் பயிலும் தேசிய மாணவர் படையினர், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர் ஆகியோர் எங்களிடம் வருகின்றனர். திருவிழாக்களில் அதிர்வேட்டு போடுவோரும், கல்குவாரியில் பாறைக்கு வெடி வைப்போரும் வருகின்றனர். ஆண்டுக்கு ஒருநாளாவது இதே அபாயம் நம் வீட்டு வாசலுக்கும் வருகிறது. காதைப் பொறுத்தவரை துப்பாக்கியும் பட்டாசும் வேறு வேறல்ல.

நான்கு மீட்டர் கணக்கு

வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 145 டெசிபல் உச்சத்தைக் கடக்கும் பட்டாசுகளுக்கு இந்திய விதிகள் 1999 முதல் தடை விதிக்கின்றன. இந்த வரம்பிற்கு உட்பட்ட பட்டாசு காதிற்குத் தீங்கற்றது என்று பலர் கருதுகின்றனர். உலக சுகாதார நிறுவனம் கூறும் உச்ச அளவோ பெரியவர்களுக்கு 140 டெசிபல், குழந்தைகளுக்கு 120 டெசிபல் மட்டுமே.

திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். தொலைவு பாதியானால் அதே அளவு கூடும். 4 மீட்டரில் 145 டெசிபல் எழுப்பும் வெடி, 8 மீட்டரில் 139, 16 மீட்டரில் 133, 32 மீட்டரில் 127, 64 மீட்டரில் 121 என்று தணியும். மறுபுறம், அதைக் கைக்கெட்டும் தூரத்தில், ஒரு மீட்டரில் நின்று கேட்பவருக்கு 157 டெசிபல். அது துப்பாக்கியின் ஓசைக்கு நிகரானது. இருபுறமும் சுவர்கள் நெருங்கிய சந்தில் ஒலி எதிரொலித்துத் திரும்புவதால் தொலைவு தரும் பயனும் குறைகிறது. சரவெடியில் தாக்குதல் ஒன்றன்று, நூற்றுக்கணக்கில் தொடர்கிறது.

எல்லாப் பட்டாசும் இந்த உச்சத்தை எட்டுவதில்லை. கம்பி மத்தாப்பும் சங்குசக்கரமும் காதை அச்சுறுத்துவன அல்ல. வெடிப்பவற்றைப் பற்றியே பேசுகிறோம்.

முன்னரே காத்துக்கொள்ளும் வழிகள்

முதற்பாதுகாப்பு தொலைவே. நீண்ட ஊதுவத்தியால் பற்றவைத்து உடனே விலகுங்கள். திரி அணைந்ததுபோல் தோன்றினாலும் குனிந்து பார்க்காதீர்கள். விலகி நின்றபடியே நீர் ஊற்றி விட்டுவிடுங்கள். தகர டப்பாவையோ கொட்டாங்குச்சியையோ கவிழ்த்து வெடிப்பதை அறவே தவிருங்கள். சிதறும் துண்டுகள் கண்ணையும் பறிக்கும்.

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டும் வழக்கத்தைக் கைவிட வேண்டுகிறோம். வலிக்கிறது, இரைகிறது என்று சொல்லத் தெரியாத வயது அது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும் பட்டாசு வெடிக்க அனுமதி தரப்படுகிறது. அந்நேரங்களில் குழந்தையைச் சன்னல் மூடிய உள்ளறையில் வைத்திருப்பது நன்று.

காதில் பஞ்சு வைப்பது பலரும் நம்பும் வழி; அது தரும் பாதுகாப்பு மிகக் குறைவு. மருந்துக்கடைகளில் கிடைக்கும் நுரைப்பஞ்சுக் காதடைப்பான், அதாவது இயர் பிளக், முறையாக அணிந்தால் நல்ல பயன் தரும். அதை விரல்களால் மெல்லிய திரிபோல் உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, விரிந்து பொருந்தும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயன் பாதிகூட இராது. குழந்தைகளுக்கு, தலையைச் சுற்றி அணியும் இயர் மஃப் என்னும் காதுமூடியே ஏற்றது.

துப்பாக்கி சுடுவோரும் அதிர்வேட்டு போடுவோரும் காதடைப்பானையும் அதன்மேல் காதுமூடியையும் சேர்த்து அணிய வேண்டும். 'ஒரே ஒரு குண்டுதானே' என்று கழற்றி வைக்கும் அந்த ஒன்றே போதுமானது. கட்டளை கேட்காது என்று தயங்குவோருக்கு, மெல்லொலியைக் கேட்கவிட்டு வெடியோசையை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுமூடிகள் உள்ளன.

சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்தையோ, அமிக்காசின் போன்ற ஊசிமருந்துகளையோ பெறுவோரின் உட்செவி முன்னரே நலிந்திருக்கலாம். இவர்கள் வெடியோசையிலிருந்து முற்றிலும் விலகியிருப்பதே தகும். உடனிருந்து பேணும் குடும்பத்தினர் இதை நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

வெடித்த பின் செய்ய வேண்டியவை

வெடியோசைக்குப் பின் இரைச்சல், அடைப்பு, மந்தம் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனே அமைதியான இடத்திற்குச் செல்லுங்கள். அன்று மேலும் பேரொலி கேட்கக் கூடாது. தலையணிக் கருவியில் பாட்டுக் கேட்பதும் கூடாது. பலருக்கு ஓரிரு நாள்களில் இக்குறிகள் தாமே மறையும். ஆனால் மறையுமா, நிலைக்குமா என்பதை வீட்டிலிருந்தபடி அறிய இயலாது. ஆகவே மறுநாள் காலையிலும் குறி நீடித்தால் மருத்துவரிடம் வாருங்கள். வலி, காதிலிருந்து குருதி அல்லது நீர்க்கசிவு, தலைசுற்றல், திடீரென ஒரு காது கேளாமை ஆகியவை இருந்தால் அன்றே வர வேண்டும்.

உட்செவி தாக்குண்டிருப்பின் நாங்கள் ஸ்டீராய்டு மருந்து தருவதுண்டு. அது எல்லாருக்கும் பலன் தரும் என்று உறுதி கூற இயலாது. தரும் பலனும் முதல் சில நாள்களுக்குள் தொடங்கினால்தான் மிகுதி. நீரிழிவு உள்ளோர் இதை அஞ்சி வராமல் இருக்க வேண்டா. சர்க்கரை அளவைக் கண்காணித்தே மருந்து தரப்படும்.

எண்ணெய், பூண்டுச்சாறு, கடையில் வாங்கிய சொட்டுமருந்து எதையும் காதில் விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அவை நடுச்செவிக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கச் செய்யும். கிழிந்த செவிப்பறை, நீர் புகாமல் காத்தால், பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வெளிக்காதில் வைத்துக்கொள்ளலாம். பஞ்சின் உண்மையான பயன் இங்குதான். மூக்கை வலிந்து சிந்துவதையும் தவிருங்கள்.

வலி நின்றுவிட்டால் காது நலமடைந்துவிட்டது என்று கருதலாகாது. உட்செவிக்கு வலி தெரியாது. வெடியோசை முதலில் பறிப்பது உயர் அலைவெண் ஒலிகளையே. அதனால் பேச்சு காதில் விழும், ஆனால் சொல் தெளியாது. "கேட்கிறது, புரியவில்லை" என்று வீட்டில் ஒருவர் சொல்லத் தொடங்கினால், கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாமல் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். ஒலிபுகா அறையில் அரைமணி நேரத்தில் முடியும் அப்பரிசோதனையில் ஊசியோ வலியோ இல்லை.

எங்கள் தையற்கடை நண்பர் இப்போதும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வருகிறார். பகலில் தையல் இயந்திரத்தின் ஓசையில் இரைச்சல் மறைந்துவிடுவதாகவும், கடையை மூடி வீட்டார் உறங்கிய பின்னரே அது எழுவதாகவும் கூறுகிறார். உறக்கத்திற்கான வழிமுறைகளைக் கற்பித்திருக்கிறோம், பழகி வருகிறார். சென்ற தீபாவளிக்குத் தம் மகனுக்கு ஒரு காதுமூடி வாங்கியதாகவும், தெருப்பிள்ளைகள் முதலில் சிரித்து, பின் ஆளுக்கொரு முறை அதை வாங்கி அணிந்து பார்த்ததாகவும் சொன்னார்.