மெல்லுதலின் பொறிமுறை: தாடைமூட்டும் தசைகளும்

முழங்கால், தோள், இடுப்பு ஆகிய மூட்டுகள் பற்றிப் பேசப்படும் அளவுக்குத் தாடைமூட்டுப் பற்றி நம்மிடையே பேசப்படுவதில்லை. உண்ணல், உரையாடல், கொட்டாவி விடல் என நாள் முழுவதும் தொழிற்படும் இம்மூட்டு, இயங்க மறுக்கும்போதே நம் கவனத்துக்கு வருகின்றது. வாய் திறவாமைக்குக் காரணம் மூட்டிலா, தசையிலா, அன்றி இவற்றுக்குப் புறம்பான ஓரிடத்திலா என்பது சில வேளைகளில் உயிரோடு தொடர்புடைய வினாவாகும். இதற்கு விடை காண இவ்வுறுப்பின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

மூட்டின் அமைப்பு

காதுத் துளைக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், தோலின்கீழ் ஒரு குமிழ் அசைவதை உணரலாம். அது கீழ்த்தாடை என்பின் மேல்முனையாகும். மண்டையோட்டின் கடைநுதல் என்பிலுள்ள ஒரு குழியில் அது பொருந்தியுள்ளது. குழியின் முன்புறம் ஒரு மேடு உண்டு. குமிழுக்கும் குழிக்குமிடையே நாரிழையத்தாலான, நடுவில் மெலிந்த தட்டொன்று அமைந்து, மூட்டறையை மேல், கீழ் என இரண்டாகப் பிரிக்கின்றது.

இப்பிரிவினையிலேயே இம்மூட்டின் தனித்தன்மை தங்கியுள்ளது. கீழறையில் குமிழ் கதவுக்கீல்போலச் சுழல்கின்றது; மேலறையில் தட்டும் குமிழும் ஒருங்கே மேட்டின்மீது முன்னோக்கி வழுக்குகின்றன. சுழற்சியால் மட்டும் வெட்டும் பற்களிடையே ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் இடைவெளியே கிடைக்கும். வழுக்கலும் சேரும்போதே 40 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட முழுத்திறப்பு நிகழும். மேலும், இரு பக்க மூட்டுகளும் ஒரே என்பால் இணைக்கப்பட்டிருத்தலின், ஒன்று அசைய மற்றொன்று வாளாவிருத்தல் இயலாது.

தசைகள்

மெல்லுதற்குரிய முதன்மைத் தசைகள் பக்கத்துக்கு நான்கு. பற்களை இறுகக் கடிக்கும்போது கன்னத்தின் பின்புறத்தில் புடைப்பது மெல்லுதசை. நெற்றிப்பொட்டில் அசைவது கடைநுதல் தசை. விசிறிபோல் விரிந்துள்ள இதன் பின்னிழைகள் தாடையைப் பின்னோக்கியும் இழுக்கின்றன. மண்டையோட்டின் அடியிலுள்ள சிறகுருவான என்பு நீட்டங்களோடு தொடர்புடைய தசைகள் இரண்டு. அவற்றுள் உட்சிறகுத் தசை, முற்கூறிய இரண்டோடும் சேர்ந்து வாயை மூடுகின்றது. வெளிச்சிறகுத் தசையோ குமிழை முன்னிழுத்துத் திறப்புக்கு உதவுகின்றது. ஒரு பக்கத்தில் மட்டும் சுருங்கின் தாடை எதிர்ப்பக்கம் திரும்பும். அரைத்தலுக்கு இன்றியமையாதது இவ்வசைவே. இந்நான்கையும் ஐந்தாம் மண்டையோட்டு நரம்பான முக்கிளை நரம்பின் கீழ்த்தாடைக் கிளை இயக்குகின்றது.

பௌதிக நோக்கில் தாடை ஒரு மூன்றாம் வகை நெம்பு எனலாம். மூட்டு பொறுதியாகவும், பற்களிடையேயுள்ள உணவு சுமையாகவும் அமைய, தசைகளின் எத்தனம் பொதுவாக இவ்விரண்டுக்குமிடையே தொழிற்படுகின்றது. பொறுதிக்கு அண்மையிலிருப்பதாலேயே கடைவாய்ப் பற்களால் பாக்கையும் நொறுக்க முடிகின்றது.

இயக்கம் தடைப்படுதல்

தட்டு முன்னோக்கி விலகியிருப்பின், வாய் திறக்கும்போது குமிழ் அதன்மீது மீண்டும் ஏறுவதால் 'கிளிக்' என்னும் ஒலி எழும். நோவில்லாத ஒலிக்குப் பெரும்பாலும் சிகிச்சை வேண்டியதில்லை. விலகிய தட்டு மீளாது வழியை மறிப்பின் வழுக்கல் தடைப்படும். வாய் பாதியளவே திறந்து, தாடை நோயுற்ற பக்கம் கோணும். உறக்கத்தில் பற்களை நெருமுவோருக்குத் தசைகள் களைத்து நோவதாலும் திறப்புக் குறையலாம்.

இவற்றினின்றும் வேறுபட்டது, மூட்டிற் குறையேதுமின்றியே வாய் இறுகிப்போகும் நிலையாகும். பாக்கிலுள்ள அரெக்கோலின் முதலிய பொருள்களின் தாக்கத்தால், கன்னத்தின் உட்புறச் சீதமென்சவ்வின்கீழ்க் கொலாசன் நார்கள் மிகுந்து பட்டிகளாக இறுகுகின்றன. கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் கண்ட இந்நிலையைச் சுவாட்ஸ் என்பார் 1952இல் விவரித்தார். இது புற்றுநோய்க்கு முன்னோடியாக அமையவல்லது. புகையிலை சேராத பாக்கும் மனிதரிற் புற்றுநோயை விளைவிக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவராண்மை 2004இல் வெளியிட்ட தொகுதி தெளிவாக்கியது. பழக்கத்தைக் கைவிட்ட பின்னரும் இறுகிய நார்கள் எளிதில் இளகுவதில்லை. ஆகவே தொடக்கத்திலேயே அறிதல் முக்கியமாகும். காரமான உணவு படும்போது எரிவு, உட்கன்னம் வெளிறல், முன்னர் நுழைந்த மூன்று விரல்கள் பற்களிடையே நுழையாமை ஆகியன கவனிக்கத்தக்கன.

இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. மலையகத் தோட்டங்களில் குளிரிலும் மழையிலும் நீண்ட நேரம் உழைப்போரிடையே வெற்றிலை மெல்லல் பரவலாக உள்ளது. இதனைத் தனிமனிதரின் தீய பழக்கமென இகழ்வதால் பயனில்லை. உழைப்பின் நிலைமைகளோடு பிணைந்த பழக்கம் அந்நிலைமைகள் மாறாது முற்றாக மறைவதும் அரிது. ஆயினும் வாய் திறக்கும் அளவைப் பார்த்தறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. அவ்வறிவைப் பல்கலைக்கழகச் சுவர்களுக்கு அப்பால், லயன் அறைகள்வரை, மக்களின் மொழியிலேயே கொண்டுசெல்வது கற்றோரின் கடமையாகும்.